மருந்து எத்தனை தடவை இடிச்சீங்க?

இந்த வேலைக்கு என்னை எடுத்த அதிகாரி அப்போது இடுப்பில் ஒரு துண்டோடு குப்புறப் படுத்திருந்தார். குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் ஒரு பாறை. நான் அவர் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். நயா பைசா வந்த புதிது. அவர் மாவட்டச் சுகாதார அலுவலகத்து டாக்டர் என்பது எனக்குத் தெரியாது. முதுகில் எழுதியா இருக்கும்?

"எதுவரைக்கும் படிச்சிருக்கே?" என்று பாறையிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"ஏழாம் வகுப்புல பாதி, ஐயா."

"மீதிப் பாதி?"

"பஸ்ஸுல கிளீனராப் போயிட்டேன்."

அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று அவர் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆலங்குளம் ரோட்டில் பஸ் கழுவியது, செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மூட்டை சுமந்தது, தென்காசி நாட்டு மருந்துக் கடையில் உலக்கை பிடித்தது, சாரல் விழுந்தால் குற்றாலத்தில் எண்ணெய். ஓரிடத்தில் கால் தரித்ததில்லை. படுக்கை கோயில் மண்டபம். சாப்பாடு கிடைத்த அன்று இரண்டு வேளை, கிடைக்காத அன்று தண்ணீர். அதில் எனக்கு ஒன்றும் குறையாகத் தோன்றவில்லை. அந்த வயதில் வயிற்றைவிடக் காலுக்குத்தான் பசி அதிகம்.

"வீடு வீடாப் போய்ப் பேசத் தெரியுமா?"

"அதுக்கென்னய்யா. எண்ணெய்க் கையை முதுகுல வச்சா பேசாத ஆளையே நான் பாத்ததில்ல."

அவர் சிரித்ததில் முதுகு குலுங்கி, என் கிண்ணத்து எண்ணெய் பாறையில் கொட்டியது. அடுத்த வாரம் நான் தற்காலிகக் கணக்கெடுப்பாளன். படித்தவர்கள் அலுவலகத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். கீழப்பாவூருக்கும் ஆலங்குளத்துக்கும் இடையே ஓடையும் உடைமுள்ளும் தாண்டித் தினமும் நடக்கத்தான் ஆள் இல்லை.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் பேசச் சொன்னார்கள். பிறந்த பிள்ளை எத்தனை, பிறந்து சில நாளில் போனது எத்தனை, உயிரில்லாமல் பிறந்தது எத்தனை. நான் எடுத்த கணக்கும் இதுதான், நீங்கள் எடுக்கப்போகிற கணக்கும் இதுதான். உலகம் முழுக்கவே இந்தக் கணக்கு இன்னும் ஒழுங்காக வரவில்லை என்கிறார்கள். படிவம் நிரப்புவதைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. அதை என்னைவிட நீங்கள் நன்றாகச் செய்வீர்கள். ஒரு வீட்டு வாசலில் நின்றபோது என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் வேலையில் சேர்ந்தபோது எங்கள் பகுதியின் பழைய கணக்கைப் பார்த்தால் அது பூமியே இல்லை, சொர்க்கம். பச்சைப்பிள்ளைச் சாவு மிகக் குறைவு. இறந்து பிறந்தது என்ற கட்டத்தில் மாதாமாதம், ஒன்றும் இல்லை என்று ஒரு கோடு. அலுவலகத்தில் எல்லாருக்கும் இதற்கு ஒரே விளக்கம்தான்.

"மூலிகைத் தண்ணிவே!" என்பார் குமாஸ்தா. "மலையில இருந்து நேரா இறங்குது. அந்தக் காத்தைக் குடிச்ச பொம்பளைக்குப் பிள்ளை தங்காமப் போகுமா?"

அந்தத் தண்ணீரையும் காற்றையும் வருடக்கணக்காகக் குடித்து, ஒவ்வொரு சாரலுக்கும் காய்ச்சலில் படுத்து எழுந்தவன் நான். எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

அந்தச் சொர்க்கக் கணக்கால் ஒரு நஷ்டமும் இருந்தது. பேறுகாலம் பார்க்கப் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸம்மாவை மாவட்டத்தில் ஏதாவது ஒரு கிராமத்தில் குடிவைக்கப் பேச்சு நடந்தது. இடம் ஒன்றுதான். கேட்ட ஊர்ப் பகுதிகள் பல. "எங்கே சாவு அதிகமோ அங்கேதான் நர்ஸ்" என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். அது நியாயம்தான். ஆனால் காகிதத்தில் எங்கள் பக்கம் சாவே இல்லையே! வலி கண்டால் தென்காசிக்கு மாட்டுவண்டி. வண்டி போய்ச் சேர்வதற்குள் பாதிக் கதை முடிந்துவிடும்.

முதல் மாதம் நான் படிவத்தில் இருந்ததை இருந்தபடி கேட்டேன். "இந்த வீட்டில் இறந்து பிறந்த குழந்தை உண்டா?" வாசலில் நின்று நல்ல சத்தமாக, பஸ்ஸில் ஊர்ப் பேர் கூவுகிற குரலில். உள்ளே அந்த வீட்டு மருமகள் மாசமாக இருந்தாள். மாமியார் விளக்குமாற்றோடு வெளியே வந்தார்.

"எடுபட்ட பய! வாசல்ல வந்து நின்னுக்கிட்டு கேக்குத கேள்வியப் பாரு! உன் வாயில கொள்ளிய வைக்க!"

நான் ஓடினேன். நாயும் வந்தது. தெரு முனையில் குடையோடு நின்ற ஹெல்த் விசிட்டர் அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் பார்த்துவர அந்தக் கிராமங்களுக்கு வருகிற அரசாங்க அம்மா. பாளையங்கோட்டைப் பக்கம். நெடுநெடுவென்று உயரம், சிரித்தால் தெருவே திரும்பும்.

"தம்பி, செருப்பு ஒண்ணு அங்கனயே கிடக்கு. போய் எடுத்துட்டு வாரியா, இல்ல அதையும் கணக்குல எழுதிருவமா?" என்றார்.

பிறகு நடந்துகொண்டே சொன்னார். "செத்ததைப் பத்தி எந்தப் பொம்பளையும் வாசல்ல நின்னு சொல்ல மாட்டா. சொன்னா அடுத்ததும் போயிரும்னு பயம். அது பொய் இல்ல தம்பி, காவல். நீ காவலை உடைச்சுக்கிட்டு உள்ள போகாத. வேற வழி இருக்கான்னு பாரு." வேறு வழி என்னவென்று அவருக்கும் அப்போது தெரியாது. தெரியாது என்று சொல்லவும் செய்தார்.

அந்த வழி மழையில் கிடைத்தது. ஒருநாள் தென்காசியில் சாரல் வலுத்து, நான் பழைய முதலாளியின் நாட்டு மருந்துக் கடையில் ஒதுங்கினேன். கீழப்பாவூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் பிள்ளை பெற்ற மருந்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், காயம். இதை இடித்துக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிப் பெற்றவளுக்குக் கொடுப்பார்கள். கடையில் இருந்தபோது இந்த வாசனையில் தும்மித் தும்மியே நான் பாதி வைத்தியன் ஆகியிருந்தேன்.

"என்ன பிள்ளை, அண்ணாச்சி?" என்று கேட்டார் முதலாளி.

"தங்கல" என்றார் வந்தவர். அவ்வளவுதான். சாமானை மடியில் கட்டிக்கொண்டு நனைந்தபடியே போய்விட்டார்.

"பிள்ளை தங்கலைன்னாலும் மருந்து வாங்குதாரே" என்றேன்.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இம்புட்டு நாளு இடிச்சிருக்க, இது தெரியாதாலே? பிள்ளை தங்குனாலும் தங்காட்டியும் பெத்த உடம்பு பச்சை உடம்புதான. மருந்து பிள்ளைக்கா? பெத்தவளுக்குல்லா!"

நான் நனைந்துகொண்டே விசிட்டர் அம்மாவைத் தேடிப் போனேன்.

மறுநாளிலிருந்து கேள்வியை மாற்றினோம். பிள்ளையைப் பற்றி வாயே திறப்பதில்லை. பெண்களிடம் அந்த அம்மா உட்கார்ந்து, "மருந்து எத்தனை தடவை இடிச்சீங்க?" என்று கேட்பார். நான் சற்றுத் தள்ளிக் குந்தியிருப்பேன். அந்தக் கேள்விக்கு ஒரு பெண்ணும் வாயை மூடியதில்லை. மூட வைப்பதுதான் பெரும்பாடு. யார் வீட்டில் சித்தரத்தை கூடிக் கசந்தது, எந்த மாமியார் கருப்பட்டியைக் குறைத்தாள், எந்த நாத்தனார் பாதி உருண்டையைத் திருடித் தின்றாள், எல்லாம் வரும்.

"மூணு தடவை. முதத் தடவை எங்க அம்மா இடிச்சா, அது மருந்து. அடுத்து ரெண்டும் எங்க மாமியா இடிச்சது. அது வெறும் சுக்குத் தூளுக்கா!"

இருக்கிற பிள்ளை ஒன்று, இடித்த மருந்து மூன்று. மீதி இரண்டைப் பற்றி நாங்கள் கேட்க மாட்டோம். கொஞ்ச நேரம் சும்மா இருப்போம். பெரும்பாலும் அவர்களே மெதுவாகச் சொல்வார்கள். அழுத பிள்ளையா, அழாத பிள்ளையா என்பதும் அதில் வந்துவிடும். சத்தம் கேட்டுச்சு என்பார்கள், அல்லது சத்தமே இல்ல என்பார்கள். நம் கணக்கில் அந்த இரண்டும் வேறு வேறு கட்டம். சத்தம் கேட்டிருந்தால் அது பிறந்து இறந்த பிள்ளை, கேட்கவில்லை என்றால் இறந்து பிறந்த பிள்ளை. அன்று சொல்லாவிட்டால் அடுத்த மாதம் போவோம்.

கோடு கிடந்த கட்டத்தில் எண்கள் வந்தன. ஒரு வருடம் முடிவதற்குள் எங்கள் சொர்க்கம் மற்ற ஊர்களைவிட மோசமாகிவிட்டது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக எண்ண ஆரம்பித்தவன் ஊரில்தான் சாவு கூடியதுபோல் தெரியும். உங்களைப் பாராட்டமாட்டார்கள். ஏன் கூடியது என்று கேட்பார்கள்.

என்னைக் கேட்டார்கள். குற்றாலத்தில் வாடகை வீடுகள் வைத்திருந்த ஒரு பெரியமனிதர் மேலே மனுவே போட்டுவிட்டார். கடைத்தெருவில் என்னை நிறுத்திக் கேட்டார். "ஏம்வே, என் அருவிக்கரையில நின்னு எண்ணெய் தேய்ச்ச பய நீரு. இந்தக் காத்துல பிள்ளை சாகுதுன்னு எழுதுதீராம்லா? சீசனுக்கு எவன்வே வருவான்?"

"அருவிக்கு வாரவங்க யாரும் பிள்ளை பெற வரலையே, அண்ணாச்சி" என்றேன். அது நல்ல பதில்தான். ஆனால் நல்ல பதில் சொன்னதற்காக மனுவைத் திரும்ப வாங்கியவரை நான் பார்த்ததில்லை.

சாரல் தொடங்கியதும் டாக்டர் ஜீப்பில் வந்தார். எங்கள் தாலுகாவில் எல்லாத் துறைக்கும் ஆய்வு சாரலில்தான் வரும். வெயில் காலத்தில் எங்கள் கோப்புகளில் யாரும் தப்பே கண்டுபிடிக்கமாட்டார்கள். ஆனால் இந்த முறை அவர் அருவிப் பக்கம் திரும்பவில்லை. நேராகக் கிராமத்துக்கு விடச் சொன்னார்.

"உன்னை எடுத்தவன் நான்" என்றார் ஜீப்பில். "அதனால சந்தேகம் வந்தா முதல்ல அடிக்க வேண்டியவனும் நான்தான். சில வீடுகளை நானே பொறுக்கறேன். நீ எழுதினது அங்கே இல்லைன்னா உன் கணக்கு முழுக்கத் தள்ளுபடி. பழைய கணக்குதான் நிக்கும். நர்ஸ் வேற ஊருக்குப் போயிடுவா. புரியுதா?"

புரிந்தது. வேலை போனால் எனக்கு எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. நர்ஸ் போனால் அந்த ஊர்களுக்கு என்ன இருந்தது?

அவர் முதலில் பொறுக்கிய வீடு இசக்கியம்மாள் வீடு. அவளுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். புருஷன் மலையில் தோட்ட வேலை. நான் எழுதியிருந்தது: நான்கு பேறு. முதல் இரண்டும் சத்தமில்லாமல் பிறந்தவை. மூன்றாவது அழுதது, மறுநாள் போய்விட்டது. நான்காவது ஆண் பிள்ளை, உயிரோடு இருக்கிறது. இப்போது ஐந்தாவது வயிற்றில். விசிட்டர் அம்மாவும் வந்துசேர்ந்து நாங்கள் போய் நின்றபோது அந்த நான்காவது அவள் இடுப்பில் உட்கார்ந்து அவள் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, உனக்கு எத்தனை குழந்தை?" என்று கேட்டார் டாக்டர். அவர் மெட்ராஸ் பேச்சு.

இசக்கியம்மாள் ஜீப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "எனக்கு ஏதுய்யா பிள்ளை?" என்றாள்.

டாக்டர் இடுப்பில் இருந்தவனைக் காட்டினார். "அப்போ இது?"

"இதா? இது பாத்துமுத்து மதினி பிள்ளைல்லா."

பக்கத்துச் சுவருக்கு மேலே ஒரு தலை வந்தது. நெசவுக்காரர் வீட்டுப் பாத்துமுத்து. "ஆமாய்யா, என் பிள்ளைதான். ஒரு மரக்கால் தவிடு குடுத்து வாங்கினேன். சும்மா ஒண்ணும் வாங்கல."

பையன் சுவரைப் பார்த்து "உம்மா" என்றான். பிறகு இசக்கியம்மாளின் தோட்டை இழுத்து "அத்தே, இறக்கி விடு" என்றான். எவ்வளவு அழகாகப் பழக்கியிருந்தார்கள்!

அந்தப் பழக்கம் நம் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். வரிசையாகப் பிள்ளை போன வீட்டில் அடுத்துப் பிறந்ததைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். பிச்சை, குப்பை என்று ஏதாவது பெயர் வைப்பார்கள். இவன் பெயர் பிச்சை. இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, எடுத்துப்போக இங்கே ஒன்றும் இல்லை என்று எமனுக்குக் கணக்குக் காட்டுவது. எமனுக்குக் காட்டிய அதே கணக்கை அவள் டாக்டருக்கும் காட்டினாள். எமனைவிட டாக்டர் பெரியவரா என்ன?

டாக்டர் என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "நாலு பிரசவம், உயிரோட ஒண்ணுன்னு எழுதியிருக்கே. அந்தம்மா ஒண்ணுமே இல்லைங்கறா. கண்ணெதிர இருக்கிற ஒண்ணும் பக்கத்து வீட்டுதாம். நீ எழுதினதில் என்னப்பா மிச்சம்?"

சொல்ல வார்த்தை வாய்வரை வந்தது. ஏட்டி, உண்மையைச் சொல்லு, உன் பிள்ளைதான என்று ஒரு அதட்டல் போட்டால் போதும். தெருவில் பாதிப் பேர் சாட்சிக்கு வருவார்கள். கணக்கு அந்த நிமிடமே நேராகிவிடும். விசிட்டர் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குடைக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

இசக்கியம்மாள் பையனை இறக்கிவிடவில்லை. இன்னும் இறுக்கிக்கொண்டாள். அடுத்த கை வயிற்றின் மேல் இருந்தது. ஆமாம், என் பிள்ளை என்று அவளை ஜீப்புக்கு முன்னால் சொல்ல வைத்துவிட்டு நான் போய்விடுவேன். அடுத்த மாதம் பையனுக்கு ஒரு காய்ச்சல் வந்தால், தான் சொன்னதால்தான் வந்தது என்று அவள் சாகும்வரை நினைப்பாள். அதற்கு எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? எனக்குக் கணக்கு வேண்டியதுதான். நர்ஸும் வேண்டியதுதான். ஆனால் அதற்கு விலையாக அவளுடைய காவலைக் கொடுக்க நான் யார்?

"ஐயா, நான் ஒண்ணு கேட்டுக்கிடட்டா?" என்றேன்.

"கேளு."

"தங்கச்சி, மருந்து எத்தனை தடவை இடிச்சீய?"

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் கணக்குப் பார்க்க வந்திருக்கேன். வைத்தியம் படிக்க வரலை."

"கொஞ்சம் பொறுங்க சார். மழையும் வருது, எங்க போகப் போறோம்?" என்றார் விசிட்டர் அம்மா.

இசக்கியம்மாளின் தோள் இறங்கியது. இது அவளுக்குப் பழகிய பேச்சு. "நாலு தடவை, அண்ணாச்சி. மூணு தடவை எங்க அத்தை இடிச்சாவ. நாலாவது நானே எந்திச்சு இடிச்சேன். அவிய கைக்குக் கருப்பட்டிய எடுக்கவே மனசு வராது."

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "ஏட்டி, நான் குறைச்ச கருப்பட்டியிலதான நீ இப்படி உருண்டு திரண்டு நிக்க!"

சுவர் மேல் இருந்து பாத்துமுத்து சிரித்தாள். எதிர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கருப்பட்டி விஷயத்தில் சாட்சி சொல்ல வந்துவிட்டார்கள். டாக்டர் என் படிவத்தை மறுபடி பிரித்தார். நான் எழுதியிருந்த வரியை ஒருமுறை பார்த்தார். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏம்மா, நீ எத்தனை தடவை மருந்து இடிச்சே?"

"நானா?" பாத்துமுத்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கு எதுக்குய்யா மருந்து? நாந்தான் தவிடு குடுத்துல்லா வாங்கினேன்!"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பாறையில் சிரித்த அதே சிரிப்பு. இசக்கியம்மாளிடம் அவர் வேறொன்றும் கேட்கவில்லை. இது உன் பிள்ளைதானே என்று உறுதிப்படுத்திக்கொள்ளவும் இல்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "நாலு சரி. அடுத்த வீடு" என்றார். அவர் பெரிய டாக்டர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த வீட்டிலிருந்து அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார். "ஏம்மா, மருந்துக்கு வெல்லம் எவ்வளவு போட்டீங்க?" "வெல்லமா? ஐய்யய்ய, கருப்பட்டிய்யா!" என்று தெருவே அவருக்குப் பாடம் எடுத்தது. அவர் முகம் கோணாமல் கேட்டுக்கொண்டார். ஒரு வீட்டில் பெண் இல்லை. புருஷன்தான் இருந்தான். அவனிடம் பழக்கத்தில், "எத்தனை தடவை மருந்து இடிச்சே?" என்று கேட்டுவிட்டார். அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிட்டான்.

முழு வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். தெருக்கடைசி வீட்டில் நான் ஐந்து பேறு எழுதியிருந்தேன். பிள்ளைகள் மூன்று. அந்த அம்மாள் உரலில் மாவு ஆட்டிக்கொண்டே ஐந்து தடவை என்று மறுபடியும் சொன்னாள்.

"அந்த அஞ்சும் உனக்குத்தானா?" என்று கேட்டார் டாக்டர்.

"எனக்கு மூணு. ரெண்டு தடவை எங்க மாமாவுக்கு. வாயு. குளிரு வந்தா இடிச்சுத் தான்னு நிப்பாவ. அவியளுக்கு அந்த ருசி."

உள்ளே ஒரு கிழவர் தேவையில்லாமல் இருமினார்.

நான் என் வரியைப் பார்த்தேன். விசிட்டர் அம்மாவும் பார்த்தார். அவளே சொல்லும்வரை பொறுக்காமல், ஒரு கிழவரின் வாயுவை நாங்கள் இரண்டு பிள்ளைச் சாவாக எழுதியிருந்தோம். அந்த வரியை நானே அடித்தேன். டாக்டர் திட்டவில்லை.

"உன் கேள்வி நல்ல கேள்விதான்" என்றார். "அதனாலதான் ஏமாந்துட்டே. கிடைச்ச கேள்வி நல்லா இருந்தா அடுத்த கேள்வி கேக்க யாருக்கும் தோணாது. இனிமே யாருக்காக இடிச்சது, எத்தனையாவது மாசத்துல இடிச்சதுன்னு ரெண்டும் கேளு. கரு கலைஞ்சதுக்கும் இடிப்பாங்க இல்லையா?"

இடிப்பார்கள். அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அந்த வாரம் முழுக்க எல்லா வீட்டுக்கும் மறுபடி நடந்தோம். சில வரிகள் விழுந்தன. பல வரிகள் நின்றன. நின்றவையே பழைய கணக்கைத் தலைகீழாக்கப் போதுமாக இருந்தன. மருந்தைக் கேட்டு எடுத்த கணக்கு என்று மேலே எப்படி எழுதுவார் என்று நான் கவலைப்பட்டேன். அவர் "பேறுகளின் எண்ணிக்கை" என்று எழுதினார். கருப்பட்டி வாசனை ஒரு சொல்லில்கூட இல்லை.

ஆய்வு முடிந்துதான் அருவிக்குப் போனார். நான் பழக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். "வைடா கீழே. நீ இப்போ அரசாங்க ஊழியன்" என்று தானே தேய்த்துக்கொண்டார். முதுகின் நடுவில் எட்டவில்லை. எட்டாமலே குளித்தார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் நர்ஸம்மா வந்து சேர்ந்தார். ஒரு தகரப்பெட்டி, ஒரு ஸ்டவ், ஒரு கறுப்புப் பை. ஊர்க்காரர்கள் வாரக்கணக்கில் அவரைச் சோதித்தார்கள். இந்தச் சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும் என்றார்கள். இசக்கியம்மாளுக்கு வலி கண்டபோது மாமியார்தான் முதலில் போய் நர்ஸைக் கூப்பிட்டாராம். கருப்பட்டியில் கை சுருங்கியவர் இதில் சுருங்கவில்லை.

நான் அங்கே இல்லை. விசிட்டர் அம்மா சொல்லித்தான் தெரியும். பிள்ளை பிறந்தது. சத்தம் இல்லை. முதல் இரண்டும் அப்படித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்துமுத்து சுளகில் தவிட்டோடு தயாராக நின்றாளாம். தங்கினால் இதையும் தன் பெயரில் வாங்கிவிட வேண்டும் என்று. நர்ஸம்மா பதறவில்லை. பிள்ளையின் வாயையும் மூக்கையும் துடைத்து, துணியால் முதுகைத் தேய்த்துத் தேய்த்து, விடாமல் ஏதோ செய்துகொண்டே இருந்திருக்கிறார். பிறகு அது அழுதது. எப்படி? தெருமுனை டீக்கடையில் நின்றவன் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

"பொம்பளைப் பிள்ளை" என்றாராம் நர்ஸம்மா. பாத்துமுத்து சுளகை நீட்டியிருக்கிறாள். இசக்கியம்மாள் படுத்தபடியே வேண்டாம் என்று தலையசைத்திருக்கிறாள்.

"அப்ப இந்தத் தவிட்டை என்னட்டி செய்ய?"

"மாட்டுக்கு வைங்க, மதினி."

அடுத்த சுற்றில் நான் அந்த வீட்டுக்குப் போனேன். விசிட்டர் அம்மா வேறு தெருவில் இருந்தார். பெண் பிள்ளை தொட்டிலில் கிடந்தது. பிச்சை தொட்டில் கயிற்றை ஆட்டுகிறேன் என்று தானே தொங்கிக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, மருந்து எத்தனை தடவை?" என்று கேட்டேன்.

"அஞ்சு, அண்ணாச்சி. இந்தத் தடவை எங்க அத்தையே இடிச்சாவ. கருப்பட்டி கூடிப்போயி ஒரே தித்திப்பு. திங்க முடியல."

"சரி" என்று பென்சிலை எடுத்தேன். உயிரோடு இருக்கும் பிள்ளைகள் என்ற கட்டம் மிச்சம் இருந்தது. நான் கேட்கவில்லை. அவள் சுவரைப் பார்த்தாள். பாத்துமுத்துவின் தலை இல்லை. வானத்தைப் பார்த்தாள். பிச்சையைப் பார்த்தாள். அவன் கயிற்றில் மும்முரமாக இருந்தான். அவள் முந்தானைக்கு அடியிலிருந்து கையை ஒரு சாண் தூரம் வெளியே எடுத்து, இரண்டு விரலை நீட்டிக் காட்டிவிட்டு, சட்டென்று மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நான் பார்க்காததுபோலக் குனிந்து எழுதிக்கொண்டேன்.